துடைப்பதும் தேய்ப்பதும்

ஒரு மேசையைத் துடைப்பது பெண்ணின் வேலை. அதே மேசையைத் தேய்ப்பது ஆணின் வேலை. இரண்டிலும் கை ஒரே மாதிரிதான் போய் வருகிறது. தோளும் மணிக்கட்டும் ஒரே மாதிரிதான் வலிக்கின்றன. ஆனால் கையில் இருப்பது ஈரத்துணி என்றால் அது வீட்டு வேலை, உப்புத்தாள் என்றால் அது தொழில். முதலாவதற்குக் கூலி கிடையாது. இரண்டாவதற்கு நாள்கூலி உண்டு, பதினோரு மணிக்கு டீயும் வடையும் உண்டு, கைராசிக்காரர் என்ற பெயரும் உண்டு.

பழைய மரச்சாமான்களை வாங்கி, சுரண்டி, தேய்த்து, வண்ணம் பூச ஆரம்பித்த பிறகுதான் இதை நான் கவனிக்கத் தொடங்கினேன். எட்டு வருடங்களாக விடுமுறை நாட்களில் மொட்டைமாடியில் இந்த வேலை நடக்கிறது. கல்லூரியில் உடன் பணிபுரிபவர்கள் இதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "ஆள் கிடைக்கலையா மேடம்?" என்று மாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறார். ஆள் கிடைக்காதபோதுதான் ஒரு பெண் உப்புத்தாளைக் கையில் எடுப்பாள் என்பது அவருடைய கணக்கு. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போன பெண் முப்பது வருடம் கழித்தும் சித்தாளாகவே இருக்கிறாள். அவளோடு சட்டி தூக்க வந்த பையன் அதற்குள் கொத்தனாராகி, மேஸ்திரியாகிவிடுகிறான். கருவியைத் தொடும் கை யாருடையது என்பதை இந்த ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

உங்கள் வீட்டு மரச்சாமான்களுக்கு மனதுக்குள் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். சாய்வு நாற்காலி தாத்தாவுடையது. மேசை அப்பாவுடையது, அல்லது படிக்கிற பையனுடையது. ஊஞ்சலில் மத்தியான நேரம் மட்டும் பெண்கள் உட்காரலாம், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிட வேண்டும். பெண்ணுக்கென்று இருந்தது அரிவாள்மனைக் கட்டையும், உட்கார ஒரு மணைப்பலகையும். இத்தனைக்கும் அந்த வீட்டுக்குள் பெரிய மரச்சாமான்கள் பெரும்பாலும் பெண்ணைச் சொல்லித்தான் வந்தன. கட்டிலும் பீரோவும் டிரெஸ்ஸிங் டேபிளும் சீர்வரிசையாக லாரியிலோ மாட்டுவண்டியிலோ வந்து இறங்கின. இறங்கிய நிமிடத்திலிருந்து அவை 'நம் வீட்டுச் சாமான்' ஆகிவிட்டன.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிரதிபா ராணி வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவிக்கே முழு உரிமையான சொத்து என்றது. கணவன் வீட்டில் இருப்பதாலேயே அது இருவருக்கும் பொதுவாகிவிடாது என்றும் சொன்னது. அதே ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், திருமணப் பரிசுகளுக்கு எழுத்தில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும், அதில் ஒவ்வொரு பொருளும் அதன் உத்தேச மதிப்பும் கொடுத்தவர் பெயரும் இருக்க வேண்டும், மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. நான் போன கல்யாணங்களில் மொய் நோட்டைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று எழுதாத பட்டியலை, மணம் முறிந்த பிறகு மகளிர் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். 'கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, ஸ்டூல் இரண்டு.' பழைய சாமான் கடைக்கு வரும் பொருட்களில் சில அந்தப் பட்டியல்களிலிருந்து வருபவை. திரும்பிப் போன பெண்ணின் தாய்வீட்டில் அவளுக்கே இடம் இல்லாதபோது கட்டிலுக்கு எங்கே இருக்கும்?

வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்போது இந்த நினைப்பு குறுக்கே வரும். பத்துப்பாட்டில் ஒன்றான அந்தப் பாட்டில் நக்கீரர் ஒரு கட்டிலை வரி வரியாகச் செய்துகாட்டுகிறார். நாற்பது வயதான யானைகளின் தந்தம், கூரான உளி, இலை வடிவச் செதுக்கல், பூண்டு போலத் திரண்ட கால் என்று ஒரு தச்சர் கேட்டாலும் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு விவரம் இருக்கிறது. மேற்கட்டியின் கால்களுக்கு நுண்ணிய குழம்பு பூசியிருப்பதைக்கூட அவர் விடவில்லை. கட்டில் காலின் குடத்துக்கு அவர் சொல்லும் உவமை, தாய்மையுற்ற பெண்களின் பால் கட்டிய மார்பு. இவ்வளவும் செய்து முடித்து, போருக்குப் போன அரசனுக்காகக் காத்திருக்கும் அரசியை அதன் மேல் கிடத்துகிறார். அவளுக்கு அந்தக் கட்டிலில் தூக்கம் இல்லை. மரச்சாமானில் பெண்ணின் உடம்பு செதுக்கப்பட்டிருக்கிறது, அதன்மேல் ஒரு பெண் படுத்திருக்கிறாள், ஆனால் அந்தக் கட்டில் அவளுடையதா என்று ஒரு மாணவி போன வருடம் கேட்டாள். அது தேர்வுக்கு வராத கேள்வி. அன்று பாடவேளை முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

நான் முதலில் வாங்கியது கட்டில் அல்ல, எழுதுவதற்கு ஒரு மேசை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாவோடும் மலேயாவோடும் வணிகம் செய்த நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் பாகம் பிரிந்தும் இடிந்தும் போகும்போது, அவற்றின் கதவும் தூணும் சாமான்களும் அங்கே வந்து சேர்கின்றன. எனாமல் கூடைகள், பித்தளைத் தூக்குகள், கண்ணாடி ஜாடிகள். பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால் பெயரெழுத்து வெட்டியிருக்கும். எந்தப் பெண்ணுக்குச் சீராகப் போனதோ அவளுடைய அடையாளம் அது. மரச்சாமான்களைத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் பெயர் இல்லை. பாத்திரத்தை அவளுடையது என்று ஒப்புக்கொண்டவர்கள் நாற்காலியை ஒப்புக்கொள்ளவில்லை போலும்.

அங்கே ஒரு மூலையில், தரையில் சம்மணமிட்டு எழுதுவதற்கான சாய்வு மேசை ஒன்று கிடந்தது. மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பெட்டி. "கணக்குப்பிள்ளைப் பெட்டி, அசல் பர்மாத் தேக்கு" என்றார் கடைக்காரர். அதன்மேல் காவி நிற எனாமல் பெயிண்ட் தடியாகப் பூசியிருந்தது. வட்டியும் வரவும் எழுதிய ஆண்கள் உட்கார்ந்த இடம். நம்முடைய பெண் எழுத்தாளர்களில் பலருக்கு மேசையே இருந்ததில்லை. வை.மு. கோதைநாயகி தம் முதல் படைப்பான 'இந்திர மோகனா'வைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுத உருவாக்கினார். அப்போது அவருக்கு எழுதத் தெரியாது. கவிஞர் சல்மா, கழிவறையில் ஒளிந்து எழுதியதைத் தாமே சொல்லியிருக்கிறார். வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் பெண்ணுக்கென்று ஓர் அறை கேட்டார். நமக்கு அறைக்கு முந்தைய கோரிக்கை ஒன்று பாக்கியிருக்கிறது. பாதியில் எழுந்து போனாலும் காகிதத்தை யாரும் எடுத்து ஓரம் வைக்காத ஒரு பலகை. பேரம் பேசி அந்தப் பெட்டியை வாங்கி, பேருந்தின் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பாலிஷ்காரர் இருக்கிறார். அவரிடம் யோசனை கேட்கப் போனால் அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி திண்ணையில் ஒரு கதவை மல்லாக்கப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் இந்த வேலை பாக்குறீங்களாக்கா?" என்றேன். "நான் எங்கே பாக்குறேன்? அவருக்குக் கூடமாட ஒத்தாசை" என்றார். அந்தக் கதவில் அவர் கைபடாத இடம் ஒரு விரற்கடை இல்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அந்த ஒத்தாசைதான். பெயிண்ட் ரிமூவரைப் பூசிக் காத்திருந்தால் பழைய பெயிண்ட் கொப்புளித்து எழும், அப்போது தகட்டால் தள்ளினால் போதும், அழுத்தினால் மரம் காயப்படும். உப்புத்தாளில் எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம். 80-இல் தொடங்கி 120-க்குப் போய் 220-இல் முடிக்க வேண்டும், அவசரப்பட்டு நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் பாலிஷில் பல்லிளிக்கும். "மரத்தோட ஓட்டத்துலயே தேய்ங்க டீச்சர். குறுக்க போனா அது உங்களைக் காட்டிக்கொடுத்துரும்." சுரண்டிய இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "மேல்பலகை தேக்கு, எண்ணெய் வாசம் அடிக்குது பாருங்க. பெட்டி மாமரம். கடைக்காரன் பாதி உண்மை சொல்லியிருக்கான்" என்றார்.

பழைய பெயிண்ட் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016-இல்தான். அதற்கு முன் பூசிய எனாமலில் எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பறக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது பெரிய கேடு. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்தி, முகக்கவசம் போட்டு, திறந்த வெளியில் செய்ய வேண்டும். முடிந்ததும் விளக்குமாறு கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பாலிஷ்காரர் வேலை முடித்துக் கைகால் கழுவிப் போய்விடுகிறார். திண்ணையைப் பெருக்குவது அக்காதான். தூசியில் பெரும்பங்கு, ஒத்தாசைக்கு வந்தவரின் நெஞ்சுக்குள் போகிறது. அவருக்கு நான் ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். கூலியும் கொடுத்தேன். கவசத்தை உடனே வாங்கிக்கொண்டார். கூலியை வாங்கத் தயங்கினார். "அவர்கிட்ட குடுத்துருங்க டீச்சர்" என்றவரிடம், "வேலை பாத்தது நீங்கதானே" என்று கையில் வைத்தேன். அடுத்த வேலைக்கு அவரே தொகை சொன்னார்.

மேல்பலகைக்கு ஸ்பிரிட் பாலிஷ் போட்டோம். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தொட்டுத் தொட்டு, மெல்லிய பூச்சாகப் பல தடவை ஏற்ற வேண்டும். அந்த அரக்கு வரும் வழியைப் படித்தபோது கொஞ்ச நேரம் பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். புரசு, இலந்தை, குசும் மரக் குச்சிகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பெரும்பகுதியைச் சுரப்பது பெண் பூச்சி. குச்சியில் ஓரிடத்தில் வாயை ஊன்றிய பின் அது நகர்வதில்லை. தன்னைச் சுற்றிப் பிசினால் கூடு கட்டி, அதற்குள்ளேயே முட்டையிட்டு இறந்துபோகிறது. ஆண் பூச்சி வளர்ந்ததும் தன் கூட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் ஆதிவாசிக் குடும்பங்கள் அந்தக் குச்சிகளைச் சேகரிக்கின்றன. நாம் 'என்ன பளபளப்பு' என்று தடவிப் பார்க்கும் மேசைகளின் மேல் இருப்பது அசையாமல் வாழ்ந்த பெண் பூச்சிகளின் வீடு.

மாமரப் பெட்டிக்கு வண்ணம் பூசினேன், மயில்கழுத்து நீலம். அங்கேதான் சண்டை வந்தது. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், பெயிண்ட் அடித்தால் மரத்தின் உண்மை போய்விடும் என்றார். உலகெங்கும் இந்த வாக்குவாதம் உண்டு. இங்கிலாந்தில் அன்னி ஸ்லோன் என்ற பெண் 1990-இல் 'சாக் பெயிண்ட்' என்ற ஒன்றை உருவாக்கினார். தேய்க்காமல், பிரைமர் அடிக்காமல் பழைய சாமான்மேல் நேரடியாகப் பூசலாம். பெண்கள் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்ய அது பெரிய வாசலைத் திறந்தது. நல்ல மரத்தைக் கெடுக்கிறார்கள் என்ற புலம்பலும் கூடவே வந்தது.

நல்ல தேக்கின்மேல் எனாமலை அப்புவதை நானும் விரும்ப மாட்டேன். ஆனால் இந்த வாதத்தில் புழங்கும் சொற்களைக் கவனியுங்கள். அசல், போலி, இயற்கை அழகு, பூச்சு, உள்ளே என்ன இருக்கிறதோ. இவை மரத்துக்காகப் பிறந்த சொற்கள் அல்ல. பவுடர் போட்ட பெண்ணைப் பற்றிப் பேசிப் பேசித் தேய்ந்த சொற்கள். பூசிக்கொண்டால் ஏமாற்றுக்காரி, பூசாவிட்டால் களையில்லாதவள். மாமரத்துக்குப் பூச்சு ஏமாற்று வேலை அல்ல. ஈரத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் அதைக் காப்பது அந்தப் பூச்சுதான். தேக்கு, தன்னிடம் இருக்கும் எண்ணெயாலேயே தாங்கும். மாமரத்துக்கு அந்த வசதி இல்லை. வசதி இல்லாததை வசதி உள்ளதோடு ஒப்பிட்டு உண்மையைப் பற்றிப் பாடம் நடத்துவது சுலபம்.

இந்தச் சண்டையை அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியவள், என்னோடு இருக்கிறாள். நண்பர் போன பிறகு, "என்னோட டிரெஸ்ஸிங் டேபிளை எப்ப எடுக்கப் போறே?" என்றாள். அது 1974-இல் அவளுக்குச் சீராக வந்தது. கருஞ்சிவப்புப் பெயிண்ட், நீள்வட்டக் கண்ணாடி, இரண்டு இழுப்பறைகள். அப்பா இறந்ததிலிருந்து கண்ணாடியின்மேல் ஒரு பழைய புடவை கிடக்கிறது. இழுப்பறைகளில் மாத்திரை அட்டையும் கரண்ட் பில்லும். இடது பக்கப் பலகையில் ஒரு விரல் நீளத்துக்கு ஆழமாக ஒரு கீறல், அதற்குள் வெளிறிய பச்சை.

மாடிக்கு ஏற்றியதும் அம்மா தானும் ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள். தேய்த்துக்கொண்டே சொன்னாள். "இது புதுசா வாங்கினது இல்லடி." தாத்தா அரிசி ஆலையில் எடை போடுபவர். மூன்று பெண்கள். டிரெஸ்ஸிங் டேபிள் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருந்தார்கள். மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியின் வீட்டில் பச்சை நிறத்தில் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது. தாத்தாவே இரண்டு இரவு உட்கார்ந்து, தேய்த்து, கருஞ்சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார். பெயிண்ட் வாசனையில் தூக்கம் வராமல் அம்மா பார்த்துக்கொண்டே படுத்திருந்தாளாம். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அப்பத்தா கரண்டிக் காம்பால் பக்கவாட்டில் சுரண்டிப் பார்த்திருக்கிறாள். பச்சை தெரிந்தது. "பழசுக்குச் சாயம் பூசி அனுப்பியிருக்கான். பொண்ணுக்கு என்னத்தைப் பூசி அனுப்பினானோ" என்றாளாம், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது.

நான் அந்த அப்பத்தாவின் மடியில் வளர்ந்தவள். அவள் வந்தபோது கொண்டுவந்த பித்தளை அண்டாவை யார் உரசிப் பார்த்தார்கள் என்று கேட்க அவள் இப்போது இல்லை.

கீறலை அப்படியே விட்டுவிடலாம், அது ஒரு சாட்சி என்றேன். அம்மா உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "உனக்கு வேணும்னா கவிதையா எழுதிக்கோ. அதுக்காக நான் தினமும் அதைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" பட்டியைக் குழைத்து, கீறலில் அழுத்தி வழித்து, காய்ந்ததும் அவளே தேய்த்தாள். மறுநாள் விரலால் தடவிப் பார்த்தேன். மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை.

வண்ண அட்டையை அவளிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கத்தரிப்பூ நிறத்தைத் தொட்டாள். பதினைந்து வருடங்களாகச் சாம்பல், வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் தவிர வேறு புடவை உடுத்தாதவள். "ரொம்ப அடிக்கிற மாதிரி இருக்குமோ?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், "இருக்கட்டும்" என்று தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு கோட்டிங் அடித்தோம். பிரஷ்ஷின் தடம் தெரியாமல் இழுக்க அவளுக்கு என்னைவிட நன்றாக வருகிறது. இரண்டு இரவு பார்த்துக்கொண்டே படுத்திருந்தவள் அல்லவா.

இழுப்பறைகளைத் திரும்பப் பொருத்துமுன் அவற்றின் அடியில் பென்சிலால் பெயர் எழுதும் வழக்கம் எனக்கு உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருவில் தொடங்கிய வழக்கம். கணக்குப்பிள்ளைப் பெட்டியின் அடியில் என் பெயரும் பாலிஷ் அக்காவின் பெயரும் இருக்கின்றன. பென்சிலை அம்மாவிடம் கொடுத்தேன். பெயரை எழுதிவிட்டு, இனிஷியலுக்காகச் சற்று நிறுத்தினாள். ரேஷன் அட்டையிலும் பேங்க் பாஸ்புக்கிலும் ஓய்வூதியத் தாளிலும் ஐம்பது வருடங்களாக எழுதிவருவது அப்பாவின் எழுத்து. இங்கே தாத்தாவின் எழுத்தைப் போட்டாள். பள்ளிக்கூடச் சான்றிதழுக்குப் பிறகு அவள் அப்படி எழுதியதை நான் பார்த்ததில்லை. ஊதித் துடைத்துவிட்டு இழுப்பறையை என்னிடம் நீட்டி, "டப்பாவுல மீதி எவ்வளவு இருக்கு? அந்த முக்காலிக்குக் காணுமா பாரு" என்றாள்.